மைகளைச் சமமாகக் கலந்தால் ஏன் சாம்பல் நிறம் வருவதில்லை?

ஒரே பத்திரிகை, ஒரே கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் ஒரு பிரதியில் செம்பழுப்பு ஓடுகிறது, இன்னொன்றில் நீலம் தட்டுகிறது. ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வண்ணப் பக்கங்களில் கறுப்பு வெள்ளைப் படங்களைக்கூடப் பெரும்பாலும் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால்தான் அச்சடிக்கிறார்கள். வினையே அங்கேதான்.

ஆஃப்செட் என்ற இந்த அச்சு முறையின் அடிப்படை தெரிந்ததுதான். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதால் தகட்டில் படம் உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கிறது, அங்கிருந்து பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கும் பிறகு தாளுக்கும் போகிறது. மை விழுவது நுண்ணிய புள்ளிகளாக; வெளிர், அடர் என்ற வேறுபாடெல்லாம் அந்தப் புள்ளிகளின் அளவில்தான். 50 சதவீதம் என்றால் பாதி இடத்தைப் புள்ளிகள் மூடியிருக்கின்றன என்று பொருள். சரி, கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறைந்திருக்கும் சாம்பல் நிறத்துக்கு வருவோம்.

வெள்ளை ஒளியில் சியான் மை சிவப்பை விழுங்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. அப்படியானால் மூன்றையும் 50 சதவீதம் வைத்தால் எல்லா ஒளியும் சமமாகக் குறைந்து சாம்பல் வரவேண்டும். வருவதோ சிவப்பேறிய பழுப்பு. காரணம், எந்த மையும் தன் வேலையை மட்டும் செய்வதில்லை. சியான் சிவப்பைச் சரியாக விழுங்காமல் கொஞ்சம் விட்டுவிடுகிறது, போதாக்குறைக்குப் பச்சையிலும் நீலத்திலும் கைவைக்கிறது. மெஜந்தா நீலத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. மொத்தத்தில் பச்சையும் நீலமும் இரண்டு மூன்று பக்கமிருந்து பறிபோக, சிவப்பு மிஞ்சிவிடுகிறது. அதனால் மெஜந்தாவையும் மஞ்சளையும் குறைத்து சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்று வைக்கிறார்கள். சாம்பலை அடிப்படையாக வைத்து அச்சைச் சீர்செய்யும் ஜி7 முறையில் நடுத்தரச் சாம்பலுக்கு இதுதான் விகிதம். வெளிர் சாம்பலுக்கு 25, 19, 19. அடர் சாம்பலுக்கு 75, 66, 66. ஒரே விகிதம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு சிவப்புப் பூவில் மெஜந்தா இரண்டு மூன்று சதவீதம் கூடினால் யாருக்கும் தெரியாது. சாம்பலில் அது உடனே தெரிந்துவிடும். சாம்பலுக்கென்று சொந்தச் சாயல் இல்லையே! இரு தட்டும் சமமாக நிற்கும் தராசில் ஒரு குன்றிமணி விழுந்தாலும் முள் சாய்வதுபோல அது சாய்கிறது. அதனால்தான் தாளின் ஓரத்தில் ஓடும் கலர் பார் என்ற சோதனைப் பட்டையில் மூன்று மைகளால் ஆன ஒரு சாம்பல் கட்டமும், பக்கத்திலேயே கறுப்பு மையால் மட்டும் ஆன ஒரு சாம்பல் கட்டமும் இருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றில் மூவண்ணப் புள்ளிகள், மற்றதில் கறுப்புப் புள்ளிகள் மட்டும். லென்ஸை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும்.

மாறுவதற்குக் காரணங்களுக்கா பஞ்சம்? தாளில் படியும் மை ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன்தான், அது சற்றுக் கூடினாலே போதும். தண்ணீர் கூடலாம், பிளாங்கெட் தேயலாம். ஈர மையின் மேல் அடுத்த மை சரியாக ஒட்டாமல் போகலாம். தகட்டில் 50 சதவீதமாக இருந்த புள்ளி, தாளில் அளந்தால் 65ஐத் தொடலாம். இதில் ஒரு பகுதி மை உண்மையிலேயே பரவுவது. மறுபகுதியில் மை அசைவதே இல்லை: புள்ளிக்குப் பக்கத்தில் தாளுக்குள் நுழைந்த ஒளி உள்ளே சிதறிப் புள்ளிக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது.

‘பழகிய கண் போதும், கருவி எதற்கு?’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கட்டங்களை அருகருகே ஒப்பிடுவதில் கண் அபாரமானது. ஆனால் காலையில் பார்த்த சாம்பலை மாலைவரை அதனால் நினைவில் வைத்திருக்க முடியாது. அதற்கு மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரோ நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரோ வேண்டும். விளக்கும் முக்கியம். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் அந்த இரு கட்டங்களும் வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடலாம், ஏனென்றால் அவை ஒளியை விழுங்கும் விதம் வேறு. பார்வையிடும் விளக்குக்கு டி50 (பகல் வெளிச்சத்தை ஒத்த ஒளி) என்று ஐஎஸ்ஓ 3664 என்ற சர்வதேசத் தரம் வகுத்திருப்பது இதற்காகத்தான். அச்சு மாதிரிக்கு ஒப்புதல் தருகிறவர்கள் கிடைத்த டியூப்லைட்டின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுவது வீண் வேலை.

வாசகர் கேட்ட படத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. மூன்று மைகளும் சேர்ந்து தரும் சாம்பல் பங்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கறுப்பு மையிடம் கொடுத்துவிடலாம். ஜிசிஆர் என்று அச்சகங்களில் சொல்வது இதைத்தான். கறுப்பு கூடினாலும் குறைந்தாலும் படம் இருளும் அல்லது வெளுக்கும், சாயல் ஏறாது. ஆனால் ஓரத்துக் கட்டத்தில் மட்டும் அந்த மூன்று மைகளையும் அப்படியே விட்டுவைக்கிறார்கள். படம் நன்றாகத் தெரியும்போதே, மெஜந்தா கூடுகிறது என்று அது முன்கூட்டிச் சொல்லிவிடும்.