விப்லாஷ்: தமிழில் சொடுக்குக் காயம்

இங்கிலாந்தில் கார் விபத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் விப்லாஷ்; வண்டி இடிபடும்போது கழுத்து திடீரென ஆட்டப்படுவதால் வரும் காயம் அது. 'விப்' என்றால் சாட்டை. 'லாஷ்' அதன் நுனியில் ஆடும் வார்; அந்த வாரால் விழும் அடிக்கும் அதே பெயர்தான்.

பின்னால் வந்த வண்டி இடித்ததும் இருக்கை நம் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே ஒரு கணம் தங்கிவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்து வளைந்து, தலை பின்னே சாய்ந்து, அப்புறம் முன்னே வீசப்படுகிறது. தசையும் தசைநாரும் இழுபடுவது இந்த இடைவெளியில்தான். பலருக்கு வலி மறுநாள் காலையில்தான் தெரியவரும். பெரும்பாலும் எலும்பு முறியாததால் எக்ஸ்ரேயிலும் எதுவும் தென்படாது.

இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் என்று சொல்லப்படுபவர் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஹரோல்ட் குரோவ். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னார். தான் குறிப்பிட நினைத்தது தலை அசைந்த விதத்தை மட்டுமே, அதை மருத்துவர்களும் நோயாளிகளும் வக்கீல்களும் ஒரு நோயின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானது. காயம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் இந்தச் சொல், எது கெட்டுப்போனது என்பதைச் சொல்வதில்லை. 'உண்மையில் அடிபட்டதா?' என்று ஒருவரைச் சந்தேகிப்பதற்கு இந்த இடைவெளியே வசதியாகப் போய்விட்டது.

சந்தேகம் கார் காலத்தில் பிறந்ததும் அல்ல. 1866இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் விபத்தில் சிக்கியவர்களின் முதுகுத்தண்டுப் பாதிப்பைப் பற்றி விரிவாக எழுதினார். வெளியே காயம் தெரியாதவர்களுக்கு இழப்பீடு தரலாமா என்று ரயில் கம்பெனிகள் அப்போதே நீதிமன்றங்களில் மல்லுக்கு நின்றன.

1995இல் கனடாவின் கியூபெக் மருத்துவக் குழு விப்லாஷைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்தது. வலியும் விறைப்பும் மட்டும் என்றால் ஒன்று; எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருந்தால் நான்கு.

சட்டம் வேறு வழியில் போனது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2018ஆம் ஆண்டுச் சட்டம் கழுத்தோடு நிற்கவில்லை. முதுகு, தோள் ஆகியவற்றின் தசை, தசைநார்ச் சுளுக்கு, இழுப்பு, கிழிசல்களையும் விப்லாஷுக்குள் சேர்த்துவிட்டது. 2021 மே 31 முதல் இதற்கு நிலையான இழப்பீட்டுத் தொகைப் பட்டியல் உண்டு. தொடக்கத்தில் அது, மூன்று மாதத்துக்குள் ஆறிவிட்டால் 240 பவுண்டு; 18 மாதம் தாண்டி 24 மாதம் வரை நீடித்தால் 4,215 பவுண்டு என்றிருந்தது. சிறிய மனப் பாதிப்பும் சேர்ந்தால் சற்றுக் கூடும். 2025 மே 31 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இத்தொகைகள் ஏறத்தாழ 15 சதவீதம் உயர்ந்துள்ளன. பட்டியல் வந்த பிறகு எல்லாமே 'எத்தனை மாதம் வலித்தது' என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. வலியால் தூங்காமல் கிடந்த ஒருவருக்கு 240 பவுண்டோ அதற்குச் சற்று மேலோ மிகக் குறைவு என்பது என் கருத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சவுக்கடிக் காயம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் யாரோ சவுக்கால் அடித்ததாகத்தான் பொருள்படும். அதை விட்டுவிட வேண்டும். 'கழுத்துச் சுளுக்கு' பேச்சுக்கு நல்ல சொல். ஆனால் சுளுக்கு, தலையணை சரியில்லாமல் படுத்தாலும் வரும். அடுத்தவர் இடித்ததால் வந்தது என்பது அதில் தொனிக்காது, முதுகும் தோளும் விடுபட்டுப்போகும். சாட்டையை நாம் 'சொடுக்குகிறோம்'. அந்த வினையையே எடுத்து 'சொடுக்குக் காயம்' என்றால் அசைவும் வருகிறது, அது காயம் என்பதும் வருகிறது. கழுத்தில் மட்டும் என்றால் 'கழுத்துச் சொடுக்குக் காயம்'. சலூனில் கழுத்தைத் திருப்பி எடுக்கும் 'சொடக்கு' வேறு என்பதால் 'காயம்' என்ற பகுதியை விடாமல் எழுதுவது நல்லது.

பெயர் எதுவானாலும், கிளெய்மில் தீர்மானிப்பது மருத்துவ அறிக்கைதான். அறிக்கை வருமுன் சமரசத் தொகை பேசுவதை அதே 2018ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால் மருத்துவரிடம் 'விப்லாஷ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பினால் பிடிக்கிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். முழங்காலோ மணிக்கட்டோ அடிபட்டிருந்தால் அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அவை இந்தப் பட்டியலில் அடங்காதவை, அவற்றுக்கான இழப்பீடு வேறு முறையில் கணக்கிடப்படும். சம்பள இழப்பும் சிகிச்சைச் செலவும்கூடப் பட்டியலுக்கு வெளியேதான். ரசீதுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.