வால் டேமில் நெடும்பயணம்: போகிற கணக்கு வேறு, திரும்புகிற கணக்கு வேறு

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் போன் ஓயாது. ஜோகன்னஸ்பர்க்கில் அவுட்போர்டு எஞ்சின், அதாவது போட்டின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின், பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில். போன வாரம் லெனேசியாவிலிருந்து ஒரு அங்கிள் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம், என்னை எப்போதும் "தம்பி" என்றுதான் அழைப்பார்.

"தம்பி, டெனிஸ்வில்லில போட்ட எறக்கி, தீவைச் சுத்தி, வால் மரீனா போய் சாப்பிட்டு, அப்படியே ஒரேன்யவில் பக்கம் போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம்னு இருக்கோம். எவ்வளவு பெட்ரோல் போடணும்?"

"பெட்ரோல் இருக்கட்டும் அங்கிள். சாயங்காலம்னா எத்தனை மணிக்கு?"

"நாலு, அஞ்சு..."

அந்த நாலு, அஞ்சுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் "வால்" என்று இருந்தாலும் ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் "ஃபால்" என்றுதான் சொல்வார்கள். இது இயற்கை ஏரி இல்லை. 1938இல் கட்டி முடித்த அணை, பிறகு இரண்டு முறை உயர்த்தினார்கள். நிரம்பி நிற்கும்போது சுமார் 320 சதுர கிலோமீட்டர் தண்ணீர். கௌடெங், ஃப்ரீ ஸ்டேட், ம்புமலாங்கா என்று மூன்று மாகாணங்கள் இதன் கரையில் இருக்கின்றன. அணைச்சுவரும் டெனிஸ்வில்லும் மேற்கு ஓரத்தில். அங்கிருந்து தண்ணீர் கிழக்காகவும் தெற்காகவும் கை கையாகப் பிரிந்து நீள்கிறது. கரை எப்போதும் கண்ணில் படும். அதனாலேயே யாரும் திட்டம் போடுவதில்லை. "அதோ கரை தெரியுதே" என்பார்கள்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். தூத்துக்குடியில் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏரி என்றால் ஒரு இளக்காரம். இங்கே வந்த முதல் வருடம், நண்பர் ஒருவரின் 5 மீட்டர் போட்டில் 6 பேர் போனோம். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வால் மரீனாவில் பிரியாணி சாப்பிட்டு, மர நிழலில் கதை பேசிவிட்டுக் கிளம்பும்போது மணி 3. மேற்கே மேகம் காலிஃபிளவர் மாதிரி குவிந்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் கிளம்பினேன்.

பாதி வழியில் காற்று நின்றது. புழுதி வாசனை வந்தது. சட்டென்று உடம்பு சில்லிட்டது. மழை இன்னும் தூரத்தில் திரை மாதிரி தொங்கிக்கொண்டிருக்க, காற்று மட்டும் முந்திக்கொண்டு வந்து அறைந்தது. இடிமேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி முன்னால் பாயும் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து நிமிடத்துக்குள் அலை எழுந்துவிட்டது. கடல் அலை தூக்கி இறக்கும், மூச்சு விட நேரம் தரும். ஏரி அலை குட்டை, செங்குத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தும். ஒரு அலையில் ஏறிய அணியம் (போட்டின் முன்பக்கம்) இறங்குவதற்குள் அடுத்தது வந்து உள்ளே கொட்டியது. தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டேன், ஓடவில்லை. ஃப்யூஸ் போயிருந்தது. கிளம்பும் முன் ஒரு முறை சுவிட்சைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிரியாணிச் சட்டியால்தான் தண்ணீரை இறைத்தோம். தீவின் மறைவுக்குள் ஒதுங்கி, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஆலங்கட்டி எஞ்சின் மூடியில் தாளம் போடுவதைக் கேட்டபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான்தான் அன்றைக்கு ஸ்கிப்பர், போட்டுக்குப் பொறுப்பாளி. யாரைக் குறை சொல்வது?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த மேட்டுநிலத்தில் மழை என்றால் பெரும்பாலும் பிற்பகல் இடிமழைதான். அது வருவதும் அநேகமாக மேற்கு, தென்மேற்கிலிருந்து. டெனிஸ்வில் இருப்பதோ மேற்கு ஓரம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் காற்றில்லாமல் கிழக்கே போகிறோம், மாலையில் எதிர்காற்றில் மேற்கே திரும்புகிறோம். போகும்போது பார்த்த ஏரி வேறு, திரும்பும்போது இருக்கும் ஏரி வேறு.

சரி, இப்போது அங்கிள் கேட்ட பெட்ரோல் கணக்கு. 60 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை முழுசாக முறுக்கினால் மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் நிதானமாக, மணிக்கு 35 கிலோமீட்டரில் ஓட்டினால் ஏறக்குறைய 14 லிட்டர். 25 கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம், 10 லிட்டர். போக வர 20. டேங்கில் இருப்பது 50. "தாராளம் தம்பி!" என்பார்கள்.

இதே 25 கிலோமீட்டரை எதிர்காற்றில் திரும்பி வாருங்கள். 35இல் ஓட்டினால் முதுகெலும்பு தெறித்துவிடும், மணிக்கு 10 கிலோமீட்டர்தான் முடியும். அந்த வேகத்தில் போட் தண்ணீருக்கு மேல் எழும்பாது, அமரம் (பின்பக்கம்) அமிழ்ந்து அணியம் தூக்கி, உழுதுகொண்டு போகும். மணிக்கு 8, 9 லிட்டர் குடிக்கும். நேரம் இரண்டரை மணி. ஆக 22 லிட்டர். போன 10ஐயும் சேர்த்தால் 32. பெட்ரோல் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் குலுங்குகிற டேங்கில் கடைசி லிட்டர்களை எஞ்சின் ஒழுங்காக உறிஞ்சாது, காற்றையும் சேர்த்து இழுக்கும். டேங்க் அடியில் வருடக்கணக்காகத் தூங்கிய அழுக்கும் தண்ணீரும் அன்றைக்குத்தான் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். என்னிடம் "நடுத்தண்ணியில நின்னுடுச்சு" என்று வரும் எஞ்சின்களில் பல இந்த ரகம்தான். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது.

அப்படியே பெட்ரோல் போதும் என்று வைத்துக்கொண்டாலும் நேரம் போதாது. 3 மணிக்குக் கிளம்பினால் ஐந்தரை மணி வரை, நாளின் மிக மோசமான நேரம் முழுக்க, நடுத்தண்ணீரில் இருப்பீர்கள். அதனால்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: போவதை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் கணக்குப் போடுங்கள், திரும்புவதை மணிக்கு 10 கிலோமீட்டர் என்று போடுங்கள். அந்தக் கணக்கில் மதியம் 1 மணிக்குள் போட்டைக் கட்ட முடியவில்லை என்றால் பயணத்தைச் சுருக்குங்கள், அல்லது அங்கேயே இரவு தங்குங்கள். டிசம்பரில் ஐந்தேகாலுக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். 6 மணிக்குக் கிளம்ப எல்லோருக்கும் சோம்பல், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பெட்ரோலுக்குப் பழைய விதியே போதும்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் வைக்க.

பாதையிலும் ஒரு வேலை இருக்கிறது. நீண்ட பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் "இங்கே காற்று எழுந்தால் எந்தக் கரை மறைவு?" என்று வரைபடத்தில் குறித்துவையுங்கள். தென்மேற்குக் காற்றில் எந்த வளைவு அமைதியாக இருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அலையில் ஆடும்போது கைபேசியில் தேட முடியாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 விநாடி, அதாவது 10 கிலோமீட்டர் என்றால் ஏற்கெனவே கரையில் இருந்திருக்க வேண்டும். தூண்டில் கழிகளைப் படுக்க வைத்துவிடுங்கள். கார்பன் கழியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போவது மின்னலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி.

வால் டேமுக்கே உரிய இன்னொரு தொல்லை, நீர்மட்டம். 2024 கடைசியில் இது 30 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. லெசோத்தோவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தை அந்த அக்டோபரிலிருந்து பராமரிப்புக்காக வேறு மூடியிருந்தார்கள். அடுத்த சில மாதங்களில் பெய்த மழையில் நிரம்பி, 2025இல் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஒரே அணை, சில மாத இடைவெளியில் இரண்டு வேறு ஏரிகள்.

இதை ஒரு வாடிக்கையாளர் பாடமாகக் கற்றுக்கொண்டு வந்தார். நீர் நிறைந்த வருடத்தில் ஓட்டிய பாதையை ஜிபிஎஸ்ஸில் சேமித்து வைத்திருந்தார். நீர் இறங்கிய வருடத்தில் அதே கோட்டில் அப்படியே போனார். போன முறை மீட்டர் கணக்கில் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது முழங்கால் ஆழத்தில் பாறை. அவர் கொண்டுவந்த புரொப்பெல்லரின் மூன்று இலைகளும் முறுக்கு பிழிந்த மாதிரி இருந்தன. ஆனால் அவரை நடுவில் நிறுத்தியது அது இல்லை. புரொப்பெல்லரின் குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அடி பலமாக விழுந்தால் கியர் உடையாமல் இருக்க அந்த ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். ஒருமுறை வழுக்கிவிட்டால் அப்புறம் பிடிப்பு போய்விடும். எஞ்சின் அலறும், போட் நகராது. கியர் போய்விட்டது என்று பதறுவார்கள். ஆக்சிலேட்டரை மிக மெதுவாக, ஐட்லிங்குக்குச் சற்று மேலே வைத்தால் பல நேரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கரை வரை ஊர்ந்து வரும். அவருக்கு அது தெரியாமல் முறுக்கு முறுக்கென்று முறுக்கி, மிச்சமிருந்த ரப்பரையும் தேய்த்துவிட்டார். நெடும்பயணம் போகிறவர்கள் ஒரு மாற்று புரொப்பெல்லர், அதன் நட்டுக்கான ஸ்பானர், இரண்டு ஸ்ப்ளிட் பின் வைத்துக்கொள்ளுங்கள். நட்டு தண்ணீரில் விழுந்துவிடும், அதனால் நட்டும் இரண்டு.

அணைகளின் நீர்மட்டத்தை நீர்வளத் துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. கிளம்பும் வாரம் அதைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் பழைய வேலிக் கம்பங்கள், மரக்கட்டைகள் எல்லாம் மேலே வந்திருக்கும். புது வெள்ளம் வந்த பிறகும் மிதக்கும் கட்டைகள் உண்டு. ஏரியின் தெரியாத கைகளுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்து, எஞ்சினை ஒரு படி தூக்கி, ஒருவரை அணியத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து போட்டைக் கொண்டுவருபவர்களுக்குத் தனியாக ஒன்று. வால் டேம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் சக்தியில் சுமார் 15 சதவீதம் காணாமல் போகும். டர்பனில் 6 பேரோடு துள்ளி எழுந்த போட் இங்கே மூக்கைத் தூக்கிக்கொண்டு முனகும். 5800 சுற்று எட்ட வேண்டிய எஞ்சின் 5000இலேயே திணறும். எஞ்சின் கெட்டுப்போகவில்லை, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் மாட்டினால் சரியாகும். ஒரு அங்குலம் குறைத்தால் 150இலிருந்து 200 சுற்று வரை கூடும். பழைய கார்புரேட்டர் எஞ்சின் என்றால் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புகையும் அதிக பெட்ரோல் செலவும்தான்.

அவர்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான வீல் பேரிங் குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். திரும்பும் வழியில் ஹாரிஸ்மித் பக்கம் சக்கரம் மட்டும் தனியாகப் போகும். ஒரு காபி குடித்துவிட்டு இறக்குங்கள்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 15 குதிரைசக்தியும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் என்றால் ஓட்டுபவருக்கு ஸ்கிப்பர் சான்றிதழ் வேண்டும், அது ஏரிக்கும் பொருந்தும். கில் ஸ்விட்ச் கயிறு, ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, மணிக்கட்டிலோ தொடையிலோ இருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் சுற்றித் தொங்கவிட அது மாலை இல்லை. லைஃப் ஜாக்கெட்டில் 50 (மிதக்க வைக்கும் விசை, நியூட்டனில்) என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவை. மயங்கியவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்ப 100, 150 என்று போட்டது வேண்டும். பெரியம்மாக்கள் புடவைக்கு மேல் போட்டால் "அழகா இல்லை" என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள், வேலை செய்கிறது.

1966இல் ஸ்டில்பாயில் 17 மீனவர்கள் மூழ்கி இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் தொடங்கியதுதான் தன்னார்வலர்களால் நடக்கும் கடல் மீட்பு நிறுவனம், என்எஸ்ஆர்ஐ. பெயரில் கடல் இருந்தாலும் வால் டேமிலும் அவர்களுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. அவர்களுடைய சேஃப்டிரெக்ஸ் செயலி இலவசம். கிளம்பும்போது பயணத்தைப் பதிந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொன்னால், அந்த நேரம் தாண்டியும் நீங்கள் முடித்ததாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த ஆட்களுக்குத் தகவல் போகும். கைபேசியை ஜிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இதோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் உண்டு. யார் யார், என்ன நிறப் போட், எந்த வழி, எத்தனை மணிக்கு வருவோம், கடைசியில் எத்தனை மணிக்கு என் மனைவி ஆளைத் தேடச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போவேன். போன மாசம் கரையேறிய பிறகு நண்பர்களோடு பேசிக்கொண்டே போன் பண்ண மறந்துவிட்டேன். மணி ஒன்றேகால். தாளில் இருந்தது 1. போன் அடித்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு மீட்புக்காரங்களுக்குப் போன் போட்டிருப்பேன்" என்றாள். அங்கிளுக்கு அந்தத் தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரி தம்பி, ஒரேன்யவில்லை விட்டுடறோம், ஆறு மணிக்குக் கிளம்பறோம்" என்று பதில் வந்தது. புரொப்பெல்லர் நட்டு என்ன சைஸ் என்றும் கேட்டிருந்தார்.