பைக்குள் அடங்கும் மவுஸ்: எப்படி இயங்குகிறது, எங்கே இடறுகிறது

மடிக்கணினிப் பையின் பக்கவாட்டு அறையில் அடங்கும் மவுஸ் ஒன்றை வாங்கப் போனால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது டிபிஐ எண், அதாவது ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பது. தேர்வுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அந்த எண்தான். மவுஸின் உடலை ஒன்பது, பத்து சென்டிமீட்டருக்குள் அடக்க வேண்டுமானால் சென்சார், ஆண்டெனா, பேட்டரி, கைப்பிடி ஆகிய நான்கில் எதிலாவது கை வைத்தாக வேண்டும். எதில் கை வைத்தார்கள் என்று பார்த்து வாங்கினால் ஏமாற்றம் குறையும்.

மவுஸைக் கவிழ்த்தால் தெரியும் சிறு துளைக்குள் இருப்பது ஒரு கேமரா. பக்கத்தில் உள்ள எல்இடி, மேசைப் பரப்பின் மேல் தாழ்வான கோணத்தில் ஒளி பாய்ச்சுகிறது. மதியம் மழமழவென்று தெரிந்த சுவரில், மாலை வெயில் சாய்வாக விழும்போது பூச்சின் மேடுபள்ளமெல்லாம் நிழல் கட்டித் தெரியுமே, அதே காரியம்தான் இங்கும் நடக்கிறது. மரத்தின் இழை, காகிதத்தின் நார், துணியின் நெசவு எல்லாம் நிழல்களாகி, லென்ஸ் வழியே சென்சாரில் விழுகின்றன.

ஒரு காலத்தில் மலிவு மவுஸ்களில் வந்த அஜிலென்ட் நிறுவனத்தின் ஏடிஎன்எஸ்-2610 சென்சாரை எடுத்துக்கொள்வோம். 18-க்கு 18, மொத்தம் 324 பிக்சல்கள். அது பார்க்கும் இடம் ஏறத்தாழ 1 மி.மீ. சதுரம். விநாடிக்கு 1,500 படங்கள் எடுக்கும். முந்தைய படத்தைப் புதிய படத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்து, எந்த நகர்வில் இரண்டும் அதிகம் பொருந்துகின்றன என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிடுகிறது. அந்த நகர்வுதான் கணினிக்குப் போகும் செய்தி. மவுஸ் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கையை விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் இழுத்தால் இரண்டு படங்களுக்கு இடையே மவுஸ் 0.2 மி.மீ. நகர்ந்திருக்கும். 1 மி.மீ. அகலப் படத்தில் ஐந்தில் நான்கு பங்கு பொதுவாக இருக்கும். பொருத்திப் பார்ப்பது எளிது. அதே கையை நான்கு மடங்கு வேகமாக வீசினால் ஐந்தில் ஒரு பங்குதான் பொதுவாக மிஞ்சும். அப்போது கணக்கு தவறி, கர்சர் சம்பந்தமில்லாத திசையில் பாய்கிறது. மலிவான சிறு மவுஸ்களில் பேட்டரியை மிச்சப்படுத்தப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதுண்டு. கடையில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறை வேகமாக வீசி, தொடங்கிய இடத்துக்கே மெதுவாகக் கொண்டுவாருங்கள். கர்சரும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்’ என்ற தேர்வை அணைத்துவிட்டுச் செய்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. அது வேகத்துக்கு ஏற்ப நகர்வைக் கூட்டிக் குறைப்பதால், நல்ல மவுஸும் திரும்பி வராதது போலத் தோன்றும்.

வெளியிடங்களில் வேலை செய்பவருக்கு முக்கியக் கேள்வி, எந்த மேசை கிடைக்கும் என்பது. கண்ணாடியில் ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். நிழல் விழ மேடுபள்ளமும் இல்லை. பளபளப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடுவதால் சென்சாருக்கு வருவது மிகச் சொற்பம். சிவப்பு எல்இடி உள்ள மவுஸ், வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சான கோலத்தைப் பார்ப்பதே இல்லை, சிவப்பு ஒளியில் இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரிவதால். லேசர் ஒளி எல்இடியைவிட நுணுக்கமான கரடுகளைக் காட்டும் என்பதால் பளபளப்பான மேசைகளில் அது கொஞ்சம் மேல். தெளிந்த கண்ணாடியில் ஓட வேண்டுமானால் அதற்கென்றே செய்த சென்சார் வேண்டும். 2009-இல் லாஜிடெக் கொண்டுவந்த டார்க்ஃபீல்டு முறை, கண்ணாடி மேல் உள்ள தூசியும் கீறலும் சிதறடிக்கும் ஒளியைக் கறுப்புப் பின்னணியில் புள்ளிகளாகப் பார்க்கிறது. கண்ணாடி குறைந்தது 4 மி.மீ. தடிமனாக இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அவ்வளவு செலவு செய்ய மனமில்லையா? பையில் ஒரு ஏ5 அளவு வெள்ளைத்தாள் நோட்டு போதும்.

டிபிஐ கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,000 டிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்த்தினால் 1,000 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று வைத்தால், 1,920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 4.9 செ.மீ. நகர்த்த வேண்டும். 1,600 டிபிஐ-யில் 3 செ.மீ. போதும். 4,000-இல் 1.2 செ.மீ.; இந்த அளவில் சிறு பொத்தானைக் குறிவைப்பது பெரும்பாடு. மடிக்கணினித் திரைக்கு 1,000 முதல் 1,600 வரை தாராளம்.

ஆண்டெனா விஷயத்தில்தான் சிறிய உருவத்தின் சங்கடம் முழுதாகத் தெரிகிறது. கம்பியில்லா மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அங்கே அலைநீளம் 12.5 செ.மீ.; அதன் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. நீளம், ஆண்டெனாவுக்கு வசதியான அளவு. மடிக்கணினியில் செருகிவிட்டு மறந்துவிடும் நக அளவு ரிசீவரில் அந்த இடம் கிடையாது. வளைத்து நெளித்து அச்சிட்ட குட்டி ஆண்டெனா வலுவிழந்துதான் வேலை செய்யும். சாதாரணமாக ஒரு மீட்டர் தூரத்துக்கு அது போதும். பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் நிலைமை மாறும். யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் 2012-இல் இதை அளந்து ஆவணமாகவே வெளியிட்டது. கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் கர்சர் திக்கித் திணறினால் மவுஸ் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். ரிசீவரை மடிக்கணினியின் மறுபக்கத்து யுஎஸ்பி வாயிலுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு சாண் நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் மாட்டி விலக்கி வையுங்கள்.

ப்ளூடூத் மவுஸுக்கு ரிசீவர் வேண்டாம். மடிக்கணினிக்குள் இருக்கும் ஆண்டெனா அந்தக் குட்டி ரிசீவரில் உள்ளதைவிடப் பெரியது. டைப்-சி வாயில் மட்டுமே உள்ள மெலிந்த மடிக்கணினிகளுக்கு ப்ளூடூத்தையே சொல்வேன். அடாப்டரில் ரிசீவரைச் செருகி அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பையில் போடும்போது வாயிலே உடைந்துபோகலாம். ப்ளூடூத்தில் குறையும் உண்டு. உறங்கிக் கிடந்த மவுஸ் மீண்டும் இணைய ஓரிரு விநாடி பிடிக்கலாம். கணினி தொடங்கும் நேரத்துப் பயாஸ் திரையில் பெரும்பாலும் வேலை செய்யாது. ரிசீவர் வைத்த மவுஸ் சாதாரண யுஎஸ்பி மவுஸாகவே கணினிக்குத் தெரிவதால் அங்கும் ஓடும். இரண்டும் உள்ள மவுஸ் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுத்துவிடலாம்.

ரிசீவர் வகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பல நிறுவனங்களின் ப்ளூடூத் அல்லாத ரிசீவர்கள், மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யாத விசைத்தட்டல் செய்திகளையும் ஏற்றுக்கொள்வதைக் காட்டியது. அக்கம்பக்கத்தில் இருப்பவர் மவுஸ் போல நடித்து, உங்கள் கணினியில் எழுத்துகளைத் தட்ட முடியும். மவுஸ்ஜாக் என்று பெயர் பெற்ற அந்தக் குறை சில ரிசீவர்களில் மென்பொருள் புதுப்பிப்பால் தீர்ந்தது. பல மலிவு ரிசீவர்களில் புதுப்பிக்கவே வழியில்லை. அலுவலகக் கணினிக்குப் பழைய, பெயர் தெரியாத ரிசீவரைச் செருக வேண்டாம்.

பேட்டரியைப் பொறுத்தவரை தடிமன்தான் முடிவு செய்கிறது. ஏஏ பேட்டரியின் குறுக்களவு 14.5 மி.மீ., எடை சுமார் 23 கிராம், ஏஏஏ 10.5 மி.மீ., அதன் பாதி எடை. மிகத் தட்டையான மவுஸ்களில் ஏஏஏ-வோ உள்ளேயே பொருத்திய லித்தியமோ இருக்கும். உள்ளே பொருத்தியது சில ஆண்டுகளில் தளர்ந்துவிட்டால் மாற்றுவது கடினம், ஆகவே நான் கழற்றி மாற்றக்கூடியதன் பக்கம். ஆல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் உள்ளே விடாதீர்கள். கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தொடுமுனைகளை அரித்துவிடும்.

கையளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்து, அதில் அறுபது சதவீதம் மவுஸின் நீளமாக இருந்தால் விரல்நுனிப் பிடிக்குப் பொருந்தும். 18 செ.மீ. கைக்கு 10.8 செ.மீ. வரும். 9.5 செ.மீ. மவுஸ் அந்தக் கைக்கு ஒரு மணி நேர வேலைக்கு ஆகும். முழுநாளும் என்றால் உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லாமல் விரல்கள் இறுகி வலிக்கும். உயரம் 3 செ.மீ.-க்குக் கீழே போனால் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாரைவிட முன்னதாகக் கெடுவது பெரும்பாலும் இடது பொத்தானின் சுவிட்ச்தான். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் தொடுமுனை தேய்ந்தோ ஆக்சைடு படிந்தோ போனால் ஒரு தட்டு இரண்டு தட்டாகப் பதிவாகும். ஒரு கோப்புறையை ஒருமுறை மட்டும் தட்டுங்கள். அது திறந்துகொண்டால் அதுதான் நோய். ஸ்க்ரோல் சக்கரத்தை ஒரே திசையில் உருட்டும்போது பக்கம் இடையிடையே எதிர்த்திசையில் துள்ளினால் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் தொடுமுனையில் அழுக்கு. இரண்டையும் வாங்கியவுடன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் சோதித்துவிடுங்கள்.

கர்சர் நின்ற இடத்திலேயே நடுங்கினால் முதலில் அடித்துளையைப் பாருங்கள். ஒரு முடி உள்ளே கிடந்தாலே போதும். பேட்டரியைக் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸைத் துடைக்கலாம். ரிசீவர் உள்ள மாடலானால், அதைச் செருகி வைக்கப் பேட்டரி மூடிக்குள் குழி இருக்கிறதா என்று வாங்கும்போதே திறந்து பாருங்கள். மலிவு மவுஸ்களில் தொலைந்த ரிசீவருக்குப் பதில் வேறொன்று பெரும்பாலும் இணையாது. மவுஸையே மாற்ற வேண்டியிருக்கும்.