மணலை மேய வரும் உயிர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் தம்பி ஒருவர் போன வருடம் கடல்நீர்த் தொட்டி வைத்தார். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி, 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கோமாளி மீன், சில மென்பவளங்கள். ஆறாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்த மணல் முழுக்கக் காப்பித்தூள் கொட்டினாற்போல் பழுப்பு. கூடவே ஒரு கேள்வி: “அண்ணே, இதைச் சுத்தம் பண்ண எந்த நத்தை வாங்கலாம்?”

அந்தக் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் பாதி விடை வந்துவிடும். ‘சுத்தம் பண்ண’ என்பதை எடுத்துவிட்டு ‘தின்ன’ என்று போட வேண்டும். எந்த உயிரும் நம் மணலைச் சுத்தம் செய்ய வருவதில்லை, சாப்பிட வருகிறது. அதன் வாய்க்கேற்ற தீனி மணலில் இருந்தால் மணல் வெளுக்கும். இல்லாவிட்டால் அது மெல்லப் பட்டினி கிடந்து சாகும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் மணலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

தொட்டியில் போடும் மணல் பெரும்பாலும் பவளத்தின் எலும்பும் சிப்பி ஓடுகளும் பொடிந்து உண்டான சுண்ணாம்பு மணல். அதன் மேற்பரப்பில் வெளிச்சம் படும், ஆக்சிஜன் உண்டு. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கொஞ்சம் கீழே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வேறு வகை பாக்டீரியா. அவை நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். இன்னும் ஆழத்தில் அழுகல் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். இரண்டு விரல்கடைக் கனத்தில் மணல் போட்டவருக்கு இந்தக் கடைசிக் கவலை அதிகம் இல்லை. ஒரு சாணுக்குப் போட்டு, வருடக்கணக்கில் தொடாமல் விட்டவர், ஆழமாகத் தோண்டும் மீனை அதில் விடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

சரி, தம்பியின் பழுப்புக்கு வருவோம். அது டயாட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசி. ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அதற்குத் தண்ணீரில் கரைந்த சிலிக்கேட் வேண்டும். “ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக என்ன ஊற்றுகிறீர்கள்?” என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர் என்றார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சிங்கப்பூர் வெப்பத்துக்குச் சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி வாங்காமல் மேலே மின்விசிறி வைத்துக் குளிர்விப்பவர்கள் பலர். அப்படி வைத்தால் தினமும் லிட்டர் கணக்கில் நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்த சிலிக்கேட் தொட்டியிலேயே தங்கிவிடும். மறுநாள் ஊற்றும் வாளித் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சிலிக்கேட்டைக் கொண்டுவரும். குடிக்க அருமையான தண்ணீர்தான், ஆனால் டயாட்டத்துக்குத் தினம் பந்தி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. தவிர, நம் குழாய் நீரில் கிருமிநாசினியாக குளோரமின் இருக்கிறது. இரவெல்லாம் வாளியில் வைத்தாலும் அது குளோரின்போல் எளிதில் பறந்துவிடாது. ஆர்ஓ வடிகட்டி, அதற்குப் பின்னால் அயனி நீக்கும் குடுவை என்று இரண்டையும் வைத்துப் பிடித்த நீரைத்தான் பவளத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

புதுத் தொட்டியில் சிலிக்கேட் தீர்ந்ததும் டயாட்டம் தானே அடங்கும். சில வாரம் ஆகும். அதுவரை அதை மேய மிகப் பொருத்தமானது செரித் நத்தை. ஒல்லியாக, நீளமாக, கூம்புபோல் முறுக்கிய ஓடு. நத்தையின் வாயில் ராடுலா என்றொரு நாடா உண்டு. அதில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கும், நம் வீட்டுத் தேங்காய்த் துருவிபோல. செரித் அந்த நாடாவால் மணல் துகள்கள் மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பகலில் பாதி புதைந்து கிடக்கும், விளக்கணைந்ததும் கிளம்பும். கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். பெரிய டர்போ நத்தைகள் பலவற்றுக்கு இது வராது. கண்ணாடியிலிருந்து மல்லாந்து மணலில் விழுந்தால் அப்படியே கிடந்து சாகும். கடைக்காரர் ‘பாசி நத்தை’ என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் டர்போவோ ட்ரோக்கஸோ ஆகத்தான் இருக்கும். இரண்டும் பாறையிலும் கண்ணாடியிலும் மேய்பவை, மணலுக்கு உதவாது.

அடுத்தது சங்கு. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கடலுணவுக் கடையில் அவித்து, மிளகாய்ச் சாந்தோடு தட்டில் வரும் கொங்கொங் இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். தொட்டிக்கு விற்பவை அதன் உறவுக்காரர்களான ஸ்ட்ராபெரி சங்கு, ‘சண்டைச் சங்கு’ என்ற பெயரில் வருபவை. என் மனதுக்கு மிகவும் பிடித்த மணல் உயிர் இதுதான், காரணம் அதன் கண்கள். ஓட்டின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அதன் வழியாக ஒரு கண் காம்பில் நீண்டு எட்டிப் பார்க்கும், பக்கத்திலேயே இன்னொன்று. மற்ற நத்தைகள் பலவற்றுக்குக் கண் என்பது வெறும் புள்ளி. சங்குக்கு வளையமிட்ட கருவிழி உண்டு, நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். அந்தக் கண் அறுபட்டாலும் மறுபடி முளைக்கும்.

அது மேய்வதைப் பார்க்க வேண்டும். யானைத் தும்பிக்கைபோல் ஒரு மூக்கு நீளும். அதை மணலில் இடமும் வலமும் ஆட்டி, பாசிப் படலத்தையும் சிதைந்த கழிவையும் உறிஞ்சிக்கொண்டே போகும். மற்ற நத்தைபோல் ஊர்ந்து நகராது. அதன் பாதத்தில் அரிவாள்போல் ஒரு நகம் இருக்கிறது, அதை மணலில் குத்தித் தாவித் தாவி நகரும். மல்லாந்தாலும் அந்த நகத்தாலேயே நெம்பிப் புரண்டுவிடும். தம்பியின் தொட்டியளவுக்கு ஒரு சங்கு போதும், இரண்டு வேண்டாம். மணலின் பெரும்பகுதி பாறையில்லாமல் திறந்து கிடக்க வேண்டும்.

நசாரியஸ் நத்தையைப் பலர் தவறான எதிர்பார்ப்போடு வாங்குகிறார்கள். அது பாசியைத் தொடாது, அது இறைச்சி தின்னி. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து, ஒரு குழலை மட்டும் மேலே நீட்டி வைத்திருக்கும். அந்தக் குழல் தண்ணீரை இழுத்து உடலுக்குள் இருக்கும் வாசனை உறுப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு இறாலைப் போடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, மணல் அங்கங்கே வெடித்து நத்தைகள் எழுந்து வரும். வாசனை வரும் பக்கம் குழலை ஆட்டியபடி விரையும் அதன் வேகம் நத்தைக்கு அடுக்காத வேகம். சாங்கிக் கடற்கரையிலோ புலாவ் உபின் தீவின் செக் ஜாவாவிலோ நீர் வற்றும் நேரம் நடந்து பார்த்தவர்கள் செத்த நண்டின் மேல் இதன் உறவினர்கள் மொய்ப்பதைக் கண்டிருக்கலாம். (அங்கே பார்ப்பதோடு சரி. செக் ஜாவாவிலும் சிஸ்டர்ஸ் தீவுக் கடல் பூங்காவிலும் ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுத்து வரக்கூடாது.) மீன் விட்ட மிச்சத்தையும் பாறை இடுக்கில் செத்துப்போன மீனையும் அழுகுமுன் தின்றுவிடுவதுதான் நசாரியஸ் செய்யும் பெரிய நன்மை. புதைவதும் எழுவதுமாக மேல்மணலைக் கிளறியும் விடும், உழவு மண்ணில் மண்புழு செய்வதைப்போல. மீன் குறைவாக உள்ள தொட்டியில் வாரம் இரண்டு முறை அதற்கென்றே தீனி போட வேண்டும்.

மீன்களில் மணலை மேய்வது உளுவை இனம், கடையில் கோபி என்பார்கள். ஆரஞ்சுப் புள்ளிகளோடு வரும் வலன்சியென்னியா வகைதான் அதிகம் விற்பது. வாய் நிறைய மணலை அள்ளும். செவுளின் உட்புறத்தில் உள்ள சல்லடை போன்ற முட்கள் சின்னஞ்சிறு புழுக்களையும் கோப்பபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிர்களையும் நிறுத்திக்கொள்ள, மணல் செவுள் வழியே பொழியும். ஒரே வாரத்தில் மணல் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அது பழுப்புப் பாசியைத் தின்னவில்லை. பாசி படிந்த துகளைக் கீழே புரட்டி இருட்டில் தள்ளுகிறது, அவ்வளவுதான். மணலில் உள்ள புழுக்கள் தீர்ந்ததும் அதன் வயிறு உள்ளே ஒட்டும். உறைந்த மைசிஸ் இறாலைத் தினம் இரண்டு மூன்று வேளை கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் வாங்குங்கள். கடையிலேயே அது தீனி எடுக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டிக்கு வலை மூடியும் வேண்டும், குதித்துத் தரையில் கிடக்கும். தாழ்வாக வைத்த பவளங்கள் மேல் மணல் மழை பெய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி மணல் நட்சத்திர மீன். இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்று சொல்லலாம். நான் தொட்டி வைத்த முதல் வருடம் ஒரு கடையில் “மணலைச் சுத்தமாக வைக்கும், ஒன்றும் கொடுக்க வேண்டாம்” என்று சொல்லி ஒன்று கொடுத்தார்கள். சாம்பல் நிறம், ஓரமெல்லாம் முள், அழகு. மணலில் அமிழ்ந்து போவதும் மறுபக்கம் எழுவதுமாக நான்கு மாதம் இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு கையின் நுனி கரையத் தொடங்கியது. பிறகு இன்னொரு கை. தண்ணீரைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அது பட்டினியால் செத்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஆஸ்ட்ரோபெக்டன் என்னும் அந்த இனம் கழிவைத் தின்னும் உயிரே இல்லை, வேட்டைக்காரன். மணலுக்குள் வாழும் சிறு சிப்பி, நத்தைக்குஞ்சு, புழு ஆகியவற்றை முழுசாக விழுங்கும். அதற்குக் குதம் கிடையாது. செரித்தபின் வெறும் ஓடுகளை வாய் வழியே துப்பிவிடும். கடலில் விரிந்த மணல்வெளியில் சுற்றும் பிராணி அது. மூன்றடித் தொட்டியில் விட்டால் முதலில் மணலுக்கு உயிர் கொடுக்கும் சிற்றுயிர்களைத் துடைத்துத் தின்னும், பிறகு தானும் சாகும். நம் மணலை உண்மையிலேயே காத்துக்கொண்டிருந்தவர்களை நாமே காசு கொடுத்துக் கொல்வதுபோல் ஆகிறது. சாதாரண வீட்டுத் தொட்டிக்கு இதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கடல் அட்டை நம்மவர்களுக்குத் தெரிந்த உயிர். ராமநாதபுரம் கடற்கரையில் பிடித்து உலர்த்திச் சீன விருந்துக்கு ஏற்றுமதியான காலம் உண்டு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. மணல் தின்னும் வகைகள் வாயைச் சுற்றியுள்ள கைகளால் மணலை அள்ளி விழுங்கி, துகளில் ஒட்டிய பாக்டீரியாவையும் கழிவையும் செரித்து, சுத்தமான மணலைக் கயிறாக வெளியே விடும். வேலையென்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. அபாயமும் பெரிது. அதன் உடலில் ஹோலோதூரின் என்னும் நஞ்சு இருக்கிறது. பம்பின் வாயில் இழுபட்டுக் கிழிந்தால் தொட்டி மீன்கள் மொத்தமும் போகலாம். பம்பு வாய் எல்லாவற்றுக்கும் பஞ்சுக் கவசம் போட்டவர்கள், 400 லிட்டருக்கு மேல் தொட்டி உள்ளவர்கள் யோசிக்கலாம். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ‘கடல் ஆப்பிள்’ என்று விற்பதும் அட்டைதான், ஆனால் அது நீரில் மிதப்பதை வடித்துத் தின்பது, மணலைத் தொடாது.

மணலில் செந்நீலப் போர்வை படர்ந்து, கையில் எடுத்தால் வழுவழுவென்று தாளாக உரிந்தால் அது சயனோபாக்டீரியா. அதற்கு நத்தை தேடாதீர்கள். அநேகமாக எதுவும் அதை விரும்பித் தின்னாது. நீரோட்டத்தைக் கூட்டி, குழாயால் உறிஞ்சி எடுத்து, தீனியைக் குறைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. நத்தை தின்றது எங்கே போகிறது? பெரும்பகுதி எச்சமாகத் தொட்டியிலேயே விழுகிறது. பெரிய கழிவு சிறிய கழிவாகிறது, அதைப் பாக்டீரியா சிதைக்க முடிகிறது, நீரோட்டம் தூக்கி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியில் சேர்க்க முடிகிறது. தொட்டியை விட்டு அது வெளியேறுவது ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவும்போதும் நீர் மாற்றும்போதும்தான். முப்பது நத்தை, பத்துத் துறவி நண்டு என்று பொட்டலமாக விற்பதை நான் நம்பாததற்கு இதுவும் காரணம். துறவி நண்டு ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும் என்பது இன்னொரு காரணம்.

வாங்கி வரும்போது ஒரு எச்சரிக்கை. நத்தை, சங்கு, அட்டை எதற்கும் உடலின் உப்பை மீன்போல் சரிக்கட்டத் தெரியாது. வெளிநீரின் உப்பு மாறினால் உடல்நீரும் கூடவே மாறும். கடைத் தொட்டியில் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.020 ஆகவும் உங்களுடையது 1.025 ஆகவும் இருக்கலாம். பையைப் பிரித்துக் கொட்டாமல், காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, உங்கள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணிநேரம் இறக்குங்கள். மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்ட தொட்டியில் இவற்றை விடவே கூடாது.

தம்பி முதலில் ஆர்ஓ வடிகட்டி வாங்கினார். அப்புறம் ஆறு செரித். பழுப்பு அடங்க ஐந்து வாரம் பிடித்தது. நான்காம் மாதம் ஒரு ஸ்ட்ராபெரி சங்கு. போன மாதம் மறுபடி ஒரு படம் அனுப்பியிருந்தார். மணல் தும்பைப்பூப்போல் இருந்தது. பதிலுக்கு, “சங்குக்குச் சாப்பாடு தீர்ந்துவிட்டது, கவனியுங்கள்” என்று எழுதினேன். இப்போது வாரம் மூன்று நாள், உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி பாசித்தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து, விளக்கணைந்தபின் ஒரு சிறு கல்லை வைத்து மணலில் அழுத்தி வைக்கிறார். காலையில் கல் மட்டும் கிடக்கிறதாம்.