லாகின் நேரம் கூடுகிறது, வேலை ஏன் நகரவில்லை?

பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட் பக்கம் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். மனம்விட்டுத் தமிழில் பேசலாம் என்பதற்காகவே ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தெல்லாம் ஐடி ஊழியர்கள் வருவார்கள். தூக்கம் வரவில்லை, கழுத்து வலிக்கிறது, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். "மேடம், ஞாபக மறதி வந்துட்டுதோன்னு பயமா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் டெவலப்பர் (ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). காலை பத்து மணிக்கு ஸ்டாண்டப் (டீமின் தினசரிக் குட்டி மீட்டிங்), இரவு பத்து மணிக்குக் கலிபோர்னியா கால், முறை வரும் வாரங்களில் ஆன்கால் (கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கிற பொறுப்பு). முன்பு அரை நாளில் முடித்த வேலை இப்போது இரண்டு நாள் இழுக்கிறது. நிரலின் ஒரு சிறு பகுதியை, ஒரே ஃபங்ஷனை, மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. முடிந்தது என்று மூடிய டிக்கெட் (ஒதுக்கப்பட்ட வேலை) டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வருகிறது. அதை ஈடுகட்ட நள்ளிரவு தாண்டியும் உட்காருகிறார். சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்து, மேனேஜருக்கு ஏக சந்தோஷம். அப்ரைசலில் மட்டும் 'தரம் குறைந்திருக்கிறது' என்று எழுதிவிட்டார். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று அவருக்குப் படவில்லை.

அழுத்தம் எல்லா வேலையையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எளிதான பணியை எலிகள் கடுமையான தூண்டுதலிலும் (மின் அதிர்ச்சியிலும்) கற்றுக்கொண்டன. கடினமான பணியிலோ, தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டியதும் தடுமாறின. மனிதர்களிடமும் ஏறக்குறைய இதைத்தான் பார்க்கிறேன். மெயிலுக்குப் பதில் போடுவது, மீட்டிங்கில் தலைகாட்டுவது, ஸ்டேட்டஸ் அப்டேட் செய்வது எல்லாம் அழுத்தத்திலும் ஓடும், சொல்லப்போனால் இன்னும் வேகமாகவே ஓடும். நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி, இதைத் தொட்டால் அங்கே என்ன உடையும் என்று யோசிக்கிற வேலைதான் முதலில் படுத்துவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை அது. தொடர் அழுத்தத்தில் முதலில் திணறுவதும் அந்தப் பகுதிதான். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் பரபரப்பாக உழைப்பது போலவே தெரியும்.

ஆட்குறைப்புப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஸ்டாண்டப்பில் சொல்ல ஆள் இருக்காது. சீனியர் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதை இரண்டு நாள் தனியாகத் தோண்டிக்கொண்டிருப்பார்கள், தினமும் 'ஆன் டிராக்' என்பார்கள். இந்த நஷ்டம் எந்த டேஷ்போர்டிலும் வராது.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று பெரிய மனிதர்கள் அவ்வப்போது சொல்கிறார்கள். முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஆயுதத் தொழிலாளர்களின் பதிவுகளை ஜான் பென்கவேல் என்ற ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அது கையால் செய்கிற வேலை. பிழையைத் தேடும் வேலைக்கு இன்னும் நிறைய மணி நேரம் தாங்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உடம்புக் கணக்கும் இருக்கிறது: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின.

நம்மவர்களுக்கென்று ஒரு தனிக் கதையும் உண்டு. வெள்ளி இரவு மடிவாளாவில் மதுரை, நெல்லை பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் விடியலில் சில்க் போர்டில் இறங்கி, குளித்துவிட்டு நேராக லாகின். அன்று காலையிலேயே டெப்ளாய்மென்ட் (புது நிரலைப் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) வைத்தால் என்ன ஆகும்? ஒரு டீம் லீட் திங்கட்கிழமை ரிவ்யூவை மதியத்துக்குத் தள்ளினார், ஆன்காலில் இரவு விழித்தவர் மறுநாள் காலை வரவேண்டாம் என்றார். செலவு ஒன்றுமில்லை. மாதம் ஒரு யோகா வகுப்பும் பழக்கூடையும் கொடுத்துவிட்டு அதே இரவு கால்களை வைத்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, டாக்டரிடம் எப்போது போவது? தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றி மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள்தான் அதற்கு விலக்கு, உங்கள் ஹெச்ஆர் அந்தப் பட்டியலில் இல்லை.