எஞ்சின் நடுங்கும்போது கணினி எதைப் பார்க்கிறது?

நின்றுகொண்டிருக்கும் காரின் எஞ்சின் சீரற்று நடுங்கி, டேஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கும் எரிந்தால், பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் பெரும்பாலும் பி0302 போன்ற ஒரு குறியீடு திரையில் தோன்றும். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதே அதன் பொருள். ஏன் எரியவில்லை என்பதை அக்குறியீடு சொல்வதில்லை. அப்படியிருந்தும் குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஏதேனும் ஒரு பாகத்தை மாற்றிவிடும் வழக்கம் பரவலாக இருப்பது வருந்தத்தக்கது.

பெரும்பாலான கார்களில் சிலிண்டருக்குள் நடப்பதை நேரடியாகக் கண்காணிக்கும் சென்சார் கிடையாது; சிலிண்டர்களின் உந்துதலால் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் வேகத்தைக் கொண்டே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி அதைக் கணிக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஷாஃப்ட் 180 பாகை சுழலும்தோறும் ஏதேனும் ஒரு சிலிண்டர் அதை உந்த வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்று என்னும் ஐடில் வேகத்திலேயே (கார் நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகம்) இது விநாடிக்கு ஏறத்தாழ 27 உந்துதல்களாகும். ஷாஃப்டுடன் சுழலும் பற்சக்கரத்தின் பற்கள் சென்சாரைக் கடக்கும் நேரத்தைக் கணினி இடைவிடாமல் அளந்துகொண்டிருப்பதால், எரியத் தவறிய சிலிண்டரின் முறை வரும்போது ஷாஃப்ட் மிகச் சிறிதளவு வேகம் குறைவதும் அதன் கணக்கில் பதிந்துவிடுகிறது. நம் கைக்குத் தெரியும் நடுக்கமும் இந்த வேகக்குறைவுதான்.

எரிவதற்குத் தீப்பொறி, சரியான அளவில் காற்றும் எரிபொருளும், போதிய அழுத்தம் ஆகியவை வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினில், இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே மிக எளிய சோதனை. குறியீடு பி0303 ஆக மாறினால் பழுது காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது என்று பொருள். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வயரிங் ஆகியவற்றையும், கடைசியாகச் சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்று சுட்டாமல் பி0300 வந்தால்தான் உண்மையான துப்பறிதல் தொடங்குகிறது. எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைக் காக்க, புகைவழியில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தத்தை ஸ்கேனர் விழுக்காட்டில் காட்டும். ஐடிலில் திருத்தம் மிகுதியாகக் கூடியிருந்து, எஞ்சின் வேகத்தை உயர்த்தியதும் இயல்புக்குத் திரும்பினால், காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிந்து உள்ளே நுழைகிறது என்று ஐயப்படலாம். ஏனெனில் ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு, அதில் கசிவின் பங்கு பெரிது. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் கூடினால், எரிபொருள் அழுத்தம் போதவில்லை அல்லது காற்றளவு சென்சார் அழுக்கடைந்துள்ளது என்று எண்ண இடமுண்டு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தீப்பொறி இல்லாமல் எரியத் தவறிய சிலிண்டர், பயன்படாத ஆக்சிஜனையும் எரிபொருளையும் சேர்த்தே புகைவழியில் தள்ளுகிறது. சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டுமே தெரியும் என்பதால், பெட்ரோல் குறைவு என்று தவறாக முடிவு செய்து கணினி மேலும் பெட்ரோலைச் சேர்க்கிறது. ஆகவே மிஸ்ஃபயர் நீங்காத நிலையில் திருத்த எண்ணை மட்டும் நம்பி எரிபொருள் பம்ப்பை மாற்றுவது வீண்செலவு.

விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மின்னினால், எரியாத பெட்ரோல் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் பீங்கான் உட்பகுதியையே உருக்கிவிடும் அளவுக்கு மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். வேகத்தையும் சுமையையும் உடனே குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்துவதே முறை.

விளக்கை அணைக்கும் ஆசையில் குறியீட்டை முதலில் அழித்துவிடக் கூடாது. குறியீடு பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், சுமை, குளிர்நீரின் வெப்பநிலை ஆகியவை என்னவாக இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைத்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் வந்த பழுதா, சூடேறி ஏற்றத்தில் திணறியபோது வந்த பழுதா என்பதை அந்தப் பதிவு காட்டிவிடும்; குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்தே அழிந்துவிடும்.