‘நீதி வேண்டும்’ என்று பதிவிடலாம், பாதிக்கப்பட்டவர் பெயர் வேண்டாம்

எங்கோ ஒரு பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று செய்தி வந்தால், அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அவர் படம் ஓடுகிறது. போடுகிறவர்கள் மனம் பொறுக்காமல்தான் போடுகிறார்கள். ஆனால் அப்படிப் போடுவதே தண்டனைக்குரிய குற்றம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எதையுமோ வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்று இருந்ததுதான் இது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு வரும்: 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

‘எதையும்’ என்ற சொல்லைத்தான் பலர் கவனிப்பதில்லை. முகத்தை மங்கலாக்கிவிட்டோம், அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள். படத்தில் பள்ளிச் சீருடை தெரியும், சட்டைப்பையில் பள்ளியின் சின்னம் இருக்கும், பின்னால் தெருமுனைக் கோயில் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது போதாதா? குழந்தையின் முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் போக்சோ சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரர் என்றால், அவர் பெயரையும் உறவையும் சேர்த்து எழுதினாலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும்.

சமூக ஊடகத்துக்கும் இது பொருந்தும் என்று 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இறந்துபோனவரின் பெயரையும் நம் இஷ்டத்துக்கு வெளியிட முடியாது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா பெண் மருத்துவரின் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில், அவருடைய பெயரையும் படங்களையும் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

அரசே தவறினாலும் பொறுப்பு உண்டு. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர் அரசாணையிலேயே வெளிவந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தபோதும், 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய வழக்குகளின் எஃப்ஐஆரைப் பொதுவெளியில் வைக்கவே கூடாது. குரூப்பில் அதன் பிடிஎஃப் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பாதிக்கப்பட்ட பெண் தானே முன்வந்து பேசலாம், எழுத்து மூலம் பிறருக்கு அனுமதியும் தரலாம். அது அவருடைய உரிமை. குழந்தை விஷயத்தில் சிறப்பு நீதிமன்றம் மட்டுமே, அதுவும் குழந்தையின் நலனுக்கென்றால்தான், அனுமதிக்க முடியும்.

ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்களா? சரி, இப்போதே அழித்துவிடுங்கள். குரூப்பில் போட்டிருந்தால் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். வேறு யாராவது போட்டதைப் பார்த்தால் அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். இணைப்பையும் தேதியையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுக்கலாம். ஆதாரம் காட்டுகிறேன் என்று அந்தப் படத்தை மறுபடி பொதுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.